தீவாளிக்கு அடுத்த வாரம் வரை

1983-இல் நான் எழுதிக்கொடுத்த ஒரு காகிதத்தில் பொய்த் தேதி இருந்தது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. தோ பாயோ லோரோங் 8-இல் எங்கள் புளோக்கில் தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தேன். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டிய கிழவர்கள் ஏரோகிராமை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக் கல்மேசைக்கு வருவார்கள். எழுதி முடித்ததும் கோப்பிக்கடையில் ஒரு மைலோ கிடைக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் துறைமுகத்தில் ஜாகா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரைத் தாத்தா என்று கூப்பிடுவேன். அன்று ஏரோகிராமோடு, மடிப்பு கிழியத் தொடங்கியிருந்த ஒரு கடிதத்தையும் கொண்டுவந்தார். ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து அவருடைய பழைய கூட்டாளி எழுதியது. “தியாகி பென்சனுக்கு எழுதிப் போட்டிருக்கேன். என்னோட ஜெயில்ல இருந்தவன் கையெழுத்து ரெண்டு வேணுமாம். ஒண்ணு நீ குடு” என்று இருந்தது. தாத்தா ஜெயிலில் இருந்தவர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் புளோக்கில் யாருக்குமே தெரியாது என்று நினைக்கிறேன்.

அவர் சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பையன். 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 4-ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார், 5-ஆம் தேதி பாடாங்கில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள்தான் அந்தப் படையின் முதல் ஆட்கள். போஸ் வந்த பிறகு தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர் இந்துஸ்தானியில் பேசுவார், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்வார். “தமிழ்ல சொன்னவரு பேச்சக் கேட்டுத்தான் தம்பி நான் சேந்தேன். நேதாஜி பேசுனது எனக்கு எங்க புரிஞ்சுது?” என்றார் தாத்தா.

இப்படிச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பட்டாள எண் கிடையாது, சம்பளப் புத்தகம் கிடையாது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து வந்த சிப்பாய்க்காவது எங்கோ ஒரு பதிவேட்டில் பெயர் இருக்கும். தோட்டத்துப் பையனைப் பற்றிய காகிதமெல்லாம் ஐஎன்ஏ கொடுத்தது. தாத்தா ஒரு படத்தையும் ஒரு துண்டுச் சீட்டையும் வைத்திருந்தாராம். வெள்ளைக்காரன் திரும்பி வருகிறான் என்று தெரிந்த அன்று இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. அன்றைக்கு அதுதான் புத்தி. இங்கே எஸ்பிளனேடில் 1945 ஜூலை 8 அன்று போஸ் அடிக்கல் நாட்டிய ஐஎன்ஏ நினைவுச் சின்னத்தையே, திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் காகிதத்தை யார் கையில் வைத்திருப்பார்கள்?

இந்திய அரசின் திட்டம் 1972 ஆகஸ்டு 15 அன்று, சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டித் தொடங்கியது. முதலில் மாதம் 200 ரூபாய். ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருந்தது. 1980-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டு, உதவித்தொகை என்பது போய் மரியாதைத் தொகை என்று பொருள்படும்படி பெயரையும் மாற்றினார்கள். கூட்டாளி விண்ணப்பித்தது இந்தப் புதிய விதிகளின் கீழ். குறைந்தது ஆறு மாதச் சிறை. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் மூன்று மாதம். அதற்குச் சிறைப் பதிவேட்டின் சான்று வேண்டும். பதிவேடு கிடைக்காவிட்டால் சக சிறைவாசிகள் இருவரின் சான்று. அந்தச் சான்றைக் கொடுப்பவரும் தான் சிறையில் இருந்ததை நிரூபித்தவராக இருக்க வேண்டும்.

கடைசி வரியை நான் அப்போது கவனிக்கவில்லை. என் கவலையெல்லாம் தேதி. கூட்டாளி அனுப்பிய மாதிரிப் படிவத்தில் ‘எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை’ என்று கோடு போட்ட இடம் இருந்தது.

“எப்ப தாத்தா உள்ள போனீங்க?”

“ரங்கூன்ல. வெள்ளைக்காரன் வந்தப்புறம்.”

“எப்ப வெளிய வந்தீங்க?”

“தீவாளிக்கு அடுத்த வாரம்.”

அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. நான் தோ பாயோ நூலகத்துக்குப் போய் ஒரு போர் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினேன். பிரிட்டிஷ் படை ரங்கூனுக்குள் நுழைந்தது 1945 மே 3. அதை முதல் கட்டத்தில் போட்டேன். முடிவுக்கு நவம்பர் 20 என்று போட்டேன். ஆறு மாதத்துக்கு மேல் தாராளமாக வரட்டும் என்று நானே போட்டது. தாத்தாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்க அவ்வளவாக வராது. காட்டிய இடத்தில் போட்டார்.

நான்கைந்து மாதம் கழித்துக் கூட்டாளியிடமிருந்து பதில் வந்தது. ஏதோ ஒரு மேசையிலிருந்து சான்று திரும்பிவிட்டது. இரண்டு கேள்விகள். சான்று கொடுப்பவர் சிறையில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே? விண்ணப்பதாரர் டிசம்பர் வரை என்கிறார், சான்றில் நவம்பர் 20 என்றிருப்பது ஏன்? கூட்டாளி கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தது வரை கணக்குச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அவருக்கு அது வரைக்கும் ஜெயில்தான்.

கடிதத்தை வாசித்துக் காட்டும்போது என் தேதிகளையும் வாசிக்க வேண்டி வந்தது. மே 3 என்றதும் தாத்தா நிமிர்ந்தார்.

“யாரு சொன்னா மே மூணுன்னு? அன்னிக்கு நாங்க ரோட்டுல நின்னோம்.”

அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. 1945 ஏப்ரல் 24 அன்று போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். ஜப்பானியர்களும் போய்விட்டார்கள். நகரத்தில் கொள்ளை நடக்கக் கூடாது, அங்கிருந்த இந்தியர்களுக்கு ஆபத்து வரக் கூடாது என்று சில ஆயிரம் ஐஎன்ஏ வீரர்களை மேஜர் ஜெனரல் லோகநாதனின் பொறுப்பில் விட்டுப்போனார்கள். தோற்றுவிட்ட படை, எதிரி வந்து சேரும் வரை ஊரைக் காவல் காத்தது. பிரிட்டிஷார் வந்ததும் ஒப்படைத்துவிட்டுச் சரணடைந்தார்கள். தாத்தாவும் கூட்டாளியும் ஒரு அரிசிக் கிடங்கு வாசலில் நின்றிருக்கிறார்கள். ஏழெட்டு நாள் கழித்துத்தான் ரங்கூன் மத்திய சிறை. சம்பளத்துக்கு எத்தனையோ கிடங்குக்குக் காவல் இருந்திருக்கிறார், அந்த ஒன்றைப் பற்றித்தான் அப்படிப் பேசினார். என் மே 3 அந்த ஒரு வாரத்தைத் துடைத்துவிட்டிருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1945 தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. அதற்கு அடுத்த வாரம் என்றால் நவம்பர் 10, 12 வாக்கில். உள்ளே போனது மே 10, 11. ஆறு மாதத்துக்கு ஒரு நாள் கூடலாம், ஒரு நாள் குறையலாம். உண்மையைச் சொன்னால் கூட்டாளியின் பென்சன் அந்த ஒரு நாளில் தொங்கும். நான் மெதுவாக, “நவம்பர் கடைசின்னே போட்டுரலாமா தாத்தா?” என்றேன்.

“அவனும் நானும் ஒரே தட்டுல சோறு தின்னுருக்கோம். அவனுக்காகப் பொய் சொல்லுவேன், அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா இதுல சொல்ல மாட்டேன். நாங்க ரோட்டுல நின்னது எழுதுறதுக்கு வேற எடமே இல்ல, பாரு.”

இரண்டாவது சான்றில் கட்டங்கள் இல்லை. வெள்ளைத்தாளில் அவர் சொன்னபடியே எழுதினேன். நகரத்தைக் காவல் காத்தது, ஏழெட்டு நாள், தீவாளிக்கு அடுத்த வாரம், இருவரும் ஒரே கொட்டடி. ஆதாரம் கேட்டதற்கு, ‘என்னிடம் இருந்ததை நானே எரித்துவிட்டேன்’ என்று ஒரு வரி. அலுவலகம் எதுவும் விரும்பாத வகைக் காகிதம் அது. அந்த வயதிலேயே எனக்கு அது புரிந்தது. பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

இதை இப்போது எழுதக் காரணம் இரண்டு தீர்ப்புகள். 1993-இல் முகுந்த்லால் பண்டாரி வழக்கில், தாமதமாக விண்ணப்பித்தார் என்பதற்காகத் தியாகியைத் திருப்பியனுப்பக் கூடாது என்றது இந்திய உச்ச நீதிமன்றம். 2001-இல் குர்தியால் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததைக் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்ல முடியாது, நடந்திருக்க வாய்ப்பு உண்டா என்ற அளவுகோல் போதும் என்றது. படித்தபோது எனக்கு அந்த வெள்ளைத்தாள்தான் ஞாபகம் வந்தது. வாய்ப்பு உண்டா என்று பார்ப்பவர் ஒருவர் கையில் அது போயிருந்தால், அரிசிக் கிடங்கும் தீவாளியும் கட்டத்துக்குள் போட்ட எந்தத் தேதியையும் விடப் பேசியிருக்கும்.

கூட்டாளி 1991-இல் இறந்தார். விண்ணப்பம் அதுவரை நிலுவையில் இருந்ததாக அவர் மகன் எழுதினார். தாத்தாவுக்கு அந்தக் கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “ரெண்டாவது கடுதாசி போய்ச் சேந்துச்சான்னு எழுதிருக்கானா?” என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. பதிவுத் தபால் ரசீதை அவர் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்து என்னிடம் கொடுத்தார்.