கங்காருவின் வால்

காலில் போடும் செருப்பின் தோலிலும், அந்தக் காலின் எலும்பிலும் தசைநாரிலும் இருப்பது ஒரே சரக்குத்தான். கொலாஜன் என்ற புரதம் அது. ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் கட்டிதட்டிப் போகிறதே, அதற்கும் அதுவே காரணம்.

புரதம் என்பதை ஒரு மணிமாலை என்று சொல்லலாம். மணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். பெரும்பாலும் இருபது தினுசு. ஒன்றின் அமிலப் பக்கம் அடுத்ததன் அமினோப் பக்கத்தோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று போகிறது. இரண்டும் இணைந்து விடுகின்றன. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்று இன்சுலினில் கண்டறியும் வேலையை 1955-க்குள் முடித்தவர் கேம்பிரிட்ஜின் பிரெடரிக் சாங்கர். கோத்த மாலை எப்படிச் சுருண்டு கிடக்கிறது என்பது வேறு கேள்வி. அதில்தான் சென்னைக்குப் பங்கு உண்டு.

1952-ல் சென்னைச் சர்வகலாசாலைக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். சி. வி. ராமனிடம் பயின்றவர், வயது முப்பதை ஒட்டி இருக்கும். அந்தச் சமயம் சென்னைக்கு வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதில் எக்ஸ்-கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார்கள்.

கொலாஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மணி கிளைசின். ஏன்? மூன்று சங்கிலிகள் கயிறு திரித்தாற்போல் சேர்ந்திருக்கின்றன என்று 1954-ல் விடை சொன்னார்கள். கயிற்றின் நடுவே இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே அங்கே அடங்கும். ஒவ்வொரு சங்கிலியும் மூன்றாவது மணியாக அதையே உள்ளே நீட்டுகிறது. அந்த இடத்தில் பெரிய அமிலம் ஒன்று புகுந்துவிட்டால், எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் உண்டாகலாம் என்று பின்னாளில் தெரிந்தது.

அடுத்த ஆண்டே எதிர்ப்பும் வந்தது. கிரிக்கும் ரிச்சும், “சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன” என்றார்கள். மூன்று மணிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றது சென்னை. ஒன்றே போதும் என்றது அந்தப் பக்கம்.

வேறொருவராக இருந்தால் மறுப்புக் கட்டுரைகளோடு நின்றிருப்பார். ராமச்சந்திரனோ, இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்வரை நெருங்கலாம் என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டார். தெரிந்த படிகங்களிலிருந்தெல்லாம் தூரங்களைத் திரட்டினார். சங்கிலியில் ஒவ்வொரு மணியும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதுகின்றன, எவற்றில் மோதவில்லை என்று ராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் கணக்கிட்டு, 1963-ல் ஒரு படமாக வரைந்து வெளியிட்டார். பெரும்பகுதி தடைசெய்யப்பட்ட கடல்; அனுமதி உள்ளவை சில தீவுகளே.

1994-ல் கொலாஜன் போன்ற ஒரு மூலக்கூறின் படிகத்தைத் துல்லியமாகப் பார்த்தபோது, மூன்று இழைக் கயிறு அப்படியே இருந்தது. ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான். அந்த அளவில் எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம். ராமச்சந்திரன் 2001-ல் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகச் சொல்கிறவர்கள், அது சரிதானா என்று இன்றும் முதலில் வைத்துப் பார்க்கும் படங்களில் ஒன்று ராமச்சந்திரன் வரைபடம்.