ஊர் வீட்டின் முகம்: காரையும் ஓடும் திண்ணையும்

அகமதாபாதில் நம் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஊர் வீட்டில் வந்து நிற்கும். ஒருவர் வீட்டில் ஓடு சரிந்துவிட்டது. இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டார் ஆடு கட்டுகிறார்கள். மூன்றாமவர் விற்றே விட்டார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தணியும். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது வழக்கம்போல் நான் சமண நூல் ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். இம்முறை வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் உள்ளே போகப் போவதில்லை. கூரை, சுவர், திண்ணை, கொல்லை இவ்வளவுதான்.

நான் பாத்திரக் கடைக்காரன். கட்டடக் கலை எந்தக் கல்லூரியிலும் படித்தவன் இல்லை. 2016 முதல், கொரோனா வந்த 2020 நீங்கலாக, ஆண்டுதோறும் ஊருக்குப் போய் எங்கள் வீட்டின் வெளிப்புறத்தை ஒவ்வொரு பகுதியாகச் சரி செய்து வருகிறேன். தீபாவளிக்குக் கடைக் கணக்கு முடித்த பிறகு கையில் என்ன நிற்கிறதோ அதற்கேற்ற வேலை. ஒரே மூச்சில் செய்யப் பணம் இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் மெதுவாகச் செய்ததில் ஒரு லாபம் கிடைத்தது. சுவரைப் படிக்க நேரம் இருந்தது.

வீடு வந்தவாசி வட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. நயினார் வீடுகள் இருபது முப்பது இருந்த தெரு. இன்று விளக்கெரிவது ஆறு வீட்டில். எங்கள் வீட்டுக்கு எத்தனை வயது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. என் சித்தப்பா மட்டும் 1865 என்று அடித்துச் சொல்வார். கேட்டால் ஒரு ஓட்டைக் கொண்டுவந்து திருப்பிக் காட்டுவார்; அடியில் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் ஆங்கிலத்தில் அச்சு இருக்கும். அது ஓடு செய்த ஆண்டு அன்று, ஆலை தொடங்கிய ஆண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துப் பாதிரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அதன்பின் பல ஆண்டுகள் அதே எண்ணோடு ஓடுகள் வந்திருக்கின்றன. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா" என்றார். அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று வாசகர்களுக்குத் தெரியும்.

மங்களூர் ஓடு வருவதற்கு முன் நம் பக்கம் நாட்டு ஓடுதான். குயவர் சக்கரத்தில் குழாய் மாதிரி வனைந்து, இரண்டாகப் பிளந்து சுட்ட ஓடு. அதை இரண்டு மூன்று அடுக்காக நெருக்கி அடுக்குவார்கள். கனம் அதிகம், குரங்கு ஒருமுறை ஓடினால் மறுபடி அடுக்க வேண்டும். மங்களூர் ஓடு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். குறைவான ஓடு, குறைவான கனம். ரயில் ஏறி உள்நாட்டுக்கு வந்ததும் வசதி உள்ளவர்கள் முன்பக்கத்துக்கு மட்டும் அதைப் போட்டார்கள். எங்கள் வீட்டிலும் தெருப்பக்கம் மங்களூர் ஓடு, கொல்லைப்பக்கம் நாட்டு ஓடு. ஊரார் கண்ணில் படுகிற இடம் முதலில் புதிதாகும் என்கிற வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை.

நானும் கூரையில்தான் தொடங்கினேன், ஆனால் காரணம் வேறு. தண்ணீர் இறங்குகிற இடத்தை விட்டுவிட்டுச் சுவரைத் தொட்டால் அந்தக் காசு மண்ணோடு போகும். முதல் வருஷம் ஓட்டைப் பிரித்து, இற்றுப்போன ரீப்பர்களை மாற்றி, நல்ல ஓடுகளைக் கழுவித் திரும்ப அடுக்கினோம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உடைந்துவிட்டது. பக்கத்து ஊரில் இடித்த வீட்டிலிருந்து பழைய ஓடு வாங்கினேன். கைமரங்களுக்குக் கரையான் மருந்து அடிக்க வேண்டும் என்றார் ஆசாரி. எங்கள் வீட்டில் அது பெரிய சங்கடம். என் அம்மா இருந்த வரை அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசி, மரம் ஈரச் சுவரில் நேராகப் படாமல் கல் வைத்து உட்கார வைத்தோம். ஈரம் இல்லாத மரத்தைக் கரையான் அவ்வளவாக நாடுவதில்லை.

இனி சுவர். இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1983-இல் என் தங்கை கல்யாணத்துக்கு முன், முன்சுவர் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசியவன் நான்தான். அப்பாவுக்குச் சம்மதமில்லை. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் கிழக் கொத்தனாரும், "சுவரு மூச்சு வுடாது தம்பி, வாணாம்" என்றார். எனக்கு வயது இருபத்து நாலு. அகமதாபாதில் நாலு காசு பார்த்த திமிர். இரண்டு பேரையும் கேட்கவில்லை.

ஏன் 1983? பின்னால் படித்தபோதுதான் விளங்கிற்று. இந்தியாவில் சிமெண்ட் வெற்றிகரமாக ஆலைத் தொழிலாக நின்றது நம் குஜராத்தின் போர்பந்தரில், 1914-இல். தமிழ்நாட்டில் மதுக்கரை ஆலை 1934, டால்மியாபுரம் 1939, தாழையூத்து 1949. ஆனாலும் கிராமத்து வீடுகளுக்கு அது சுலபத்தில் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே விலைக்கும் விநியோகத்துக்கும் அரசுக் கட்டுப்பாடு இருந்தது. பத்து மூட்டை வேண்டுமென்றால் பர்மிட்டுக்கு அலைய வேண்டும். 1982 பிப்ரவரியில் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள். 1989-இல் முழுவதும் நீங்கியது. அந்த ஏழு ஆண்டுகளில் உங்கள் ஊரிலும் எத்தனை சுண்ணாம்புச் சுவர் சிமெண்ட்டுக்கு மாறியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காத பொருள் கிடைக்கத் தொடங்கியது. கிடைத்ததை எல்லோரும் பூசினோம்.

காரை என்பது வேறு சங்கதி. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றி, வாரக்கணக்கில் தண்ணீருக்குள் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பார்கள். செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். நயினார் வீட்டில் அது நடக்காது, கடுக்காயோடு சரி. பூசிய காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது. ஆனாலும் நுண்ணிய துளைகள் உள்ள கல். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்தது. மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்குள் ஈரம் தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லே மாவாக உதிர்ந்தது. 2017-இல் என் சிமெண்ட்டைத் தட்டியபோது கையகலப் பாளமாக வந்தது. உள்ளே செங்கல் விரலால் சுரண்டினால் கொட்டுகிறது. கிழக் கொத்தனார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவர் பேரன்தான் இப்போது எங்கள் வேலையைச் செய்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் நிற்க முடியவில்லை.

நான் கொத்தாமல் விட்ட பக்கச் சுவரில் பழைய வெள்ளை அப்படியே இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை. ஒரு செதிலைப் பெயர்த்துக் கத்தி முனையால் பிரித்துப் பார்த்தேன். முப்பது வரை எண்ண முடிந்தது, அதற்கு மேல் ஒட்டிக்கொண்டது. நடுவில் நீலம் கூடிப்போன ஒரு வருஷம், ஓரிடத்தில் காவி. கல்வெட்டு இல்லாத குடும்பங்களுக்கு இதுவும் ஒரு ஆவணம் என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டு வாசற்படிக்கு வலப்புறம் சிமெண்ட்டை எடுத்தபோது சுத்தியல் ஓசை மாறியது. உள்ளே மாடக்குழி. முன்வாசல் விளக்கு வைக்கும் மாடம். சுவர் வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்று 1983-இல் செங்கல் சில்லு வைத்து அடைத்திருக்கிறோம். நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். மேல்பக்கம் எண்ணெய்ப் புகைக் கறுப்பு அப்படியே இருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு அம்மா அங்கேதான் விளக்கு வைப்பாள். அடைத்த பிறகு திண்ணை ஓரத்தில் தரையில் வைக்கத் தொடங்கினாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கத்திரி வெயிலில் காரை பூசக் கூடாது. சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். அதனால் கூரை வேலை சித்திரையில், சுவர் வேலை தை மாசியில் என்று பிரித்துக்கொண்டோம். பூசியதும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு நாள்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

திண்ணைக்கு வருவோம். நம் அகமதாபாத் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய நகரத்துப் போள்களில் ஒவ்வொரு வீட்டு முன்னும் ஓட்லா இருக்கிறதே, அதுதான் நம் திண்ணை. பெயர் வேறு, உட்கார்ந்து பேசும் வம்பு ஒன்றுதான். முதன்முதலாகக் காளுப்பூர் பக்கம் ஒரு ஓட்லாவில் உட்கார்ந்தபோது ஊர் ஞாபகத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தப் போள்களுக்காகவே 2017-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தது. திண்ணைக்கும் உலகக் கணக்கு ஒன்று உண்டு. சென்னையில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அந்த முறையைத் தன் பள்ளியில் கையாண்டார். 1797-இல் லண்டனில் அதை நூலாக்கினார். நம் திண்ணைப் பள்ளிப் பழக்கம் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போன கதை அது.

அந்தத் திண்ணையை இடிக்க வேண்டும் என்றான் என் தம்பி. அவன் செங்கல்பட்டில் இருக்கிறான், காரில் வருகிறான், நிறுத்த இடமில்லை. அவன் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் வருஷத்தில் இரண்டு முறை வருகிறவன். அவன் மாதம் ஒருமுறை போய்க் கதவைத் திறக்கிறவன். ஒரு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. புதுச்சேரி வைசியாள் வீதிக்கு அவனை அழைத்துப் போய்க் காட்டினேன். அங்கே தாழ்வாரமும் திண்ணையுமாக இருந்த தமிழ் வீடுகளின் தெருமுகத்தைச் சீர் செய்திருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருது ஒன்றும் அதற்குக் கிடைத்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குண்ணா, காரை எங்க விடுறாங்க?" என்றான். 2018-இல் இடப்புறச் சின்னத் திண்ணையை எடுத்தோம். தலைவைக்கும் சாய்மானத்தோடு கூடிய வலப்புறப் பெரிய திண்ணை நின்றது. சின்னத் திண்ணையில்தான் நான் எழுத்துப் படித்தேன்.

நின்ற திண்ணைக்கும் வேறு பக்கமிருந்து ஆபத்து வந்தது. என் சிறுவயதில் தெருவிலிருந்து ஐந்து படி ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது மூன்று படிதான் தெரிகிறது. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். எங்கள் தெருவுக்கு உத்தரவு வருவதற்கு முன்பே ரோடு வந்துவிட்டது. வாசலில் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, தெருத் தண்ணீரைப் பக்கச் சந்துக்குத் திருப்பியிருக்கிறேன்.

கொல்லையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிணற்றடிக் கல்லை எடுத்து மட்டம் பார்த்து வைத்தோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெயருக்குத் தோண்டிய குழி மண்ணடைந்து கிடந்தது. அதைத் தூர் வாரி, கூரைத் தண்ணீரை அதில் விட்டபிறகு கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது.

வடபுறச் சுவரில் ஒரு பகுதி இன்னும் என் சிமெண்ட்டோடு நிற்கிறது. வருகிற தையில் அதை எடுக்கலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பை ஐப்பசியிலேயே ஊறப் போட்டாயிற்று. தொட்டியில் தண்ணீர் குறையாமல் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான்.