தேடியதேட்டமும் மணநீக்கமும்

யாழ்ப்பாணத்துக் குடும்பச் சொத்துப் பற்றி எழுதுவோர் சீதனத்திலே தொடங்கிச் சீதனத்திலே முடித்துவிடுவது வழக்கம். கணவனும் மனைவியும் கூடி வாழ்ந்த காலத்தில் ஈட்டிய சொத்து, அதாவது தேசவழமை 'தேடியதேட்டம்' எனக் குறிப்பிடும் சொத்து, அவ்வளவு கவனம் பெற்றதில்லை. ஒருவர் இறந்தபின் அது எவ்வாறு பங்கிடப்படும் என்பதை வழக்கறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மணநீக்கத்தின் பின் அது யாருக்கு உரியது என்னும் வினாவுக்கோ இன்றைய சட்டநூலில் நேரான விடை இல்லை. விடை முன்பு இருந்தது என்பதையும், 1947ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது என்பதையும் இங்கு நாம் காட்ட முனைகின்றோம்.

தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்துருப் பெற்றது. ஆள்பதி சைமன்ஸின் கட்டளைப்படி யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்தார். தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு அது வைக்கப்பட்டது. நிலவுடைமையாளரான ஆண்கள் பன்னிருவர் சரியெனக் கண்ட வழக்கமே மக்கள் அனைவரின் வழக்கமாகப் பதிவாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் அத்தொகுப்பின் அடிப்படை தெளிவானது. கணவன் வழி வந்தது முதுசம்; மனைவி கொண்டுவந்தது சீதனம்; இரண்டின் வருவாயிலிருந்தும் இருவரின் முயற்சியிலிருந்தும் பெருகியது தேடியதேட்டம். உறவு முடிவுறும்போது முதுசமும் சீதனமும் வந்த வழியே திரும்பும். தேட்டம் கடன் கழித்துச் சரிபாதியாகும்.

நன்கொடை பற்றிய பகுதியில் நமது விடயத்துக்கு நெருங்கிய ஒரு குறிப்பு உண்டு. கணவனும் மனைவியும் பிணங்கிப் பிரிந்து வாழுங்கால் பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கமே நிற்பர் என்று கூறும் தொகுப்பாளர், அந்நிலையில் மனைவியின் சீதனத்தில் எப்பகுதியையும் கணவன் பிறருக்குக் கொடுத்தலாகாது என்கின்றார். இருவரும் இணக்கமாக வாழுமிடத்து ஒரு பகுதியைக் கொடுக்கலாமாம்! இணக்கம் பெண்ணின் சொத்தைக் கரைக்கவும் பிணக்கு அதைக் காக்கவும் வல்லதாயிருந்த விந்தையை இவ்விதி காட்டுகின்றது. பிரிவு என்பது அக்காலத்து யாழ்ப்பாணத்தில் அறியப்படாத செய்தியன்று என்பதற்கும் இதுவே சான்று.

பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். உரோம ஒல்லாந்தச் சட்டத்துக்கு உட்பட்ட ஏனையோரிடையே திருமணத்தின் விளைவாக எழுந்த பொதுச்சொத்து முறைமை 1876இன் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தேசவழமையிலோ அது நிலைத்தது. 1911இல் இயற்றப்பட்ட யாழ்ப்பாணத்து மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 20ஆம் பிரிவு, ஒருவர் தேடித் தம் பெயரில் வைத்திருப்பினும் தேட்டம் இருவருக்கும் பொதுவானது, இருவரும் சமவுரிமை உடையவர் என ஐயத்துக்கு இடமின்றிக் கூறிற்று. உறுதியில் எவர் பெயர் இருந்தது என்பது பொருட்டன்று. மணம் முறிந்தாலும் பாதி பாதியே.

இவ்விதியின் பொருளை அக்காலத்துப் பொருளியல் நிலையில் வைத்து நோக்குதல் வேண்டும். ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்து ஆண்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராகச் சென்ற காலம் அது. அவர்கள் அனுப்பிய பணத்தில் காணி வாங்கப்பட்டது. உறுதி பெரும்பாலும் ஆணின் பெயரில் முடிந்தது. தோட்டத்தையும் வளவையும் பிள்ளைகளையும் முதியோரையும் பார்த்துக்கொண்டவள் மனைவி. அவள் உழைப்புக்குச் சம்பளச் சீட்டு இல்லை. பெயரைப் பாராது தேட்டத்தைப் பொதுவாக்கிய விதி, அறிந்தோ அறியாமலோ, அவ்வுழைப்பைக் கணக்கில் எடுத்தது.

1947இன் 58ஆம் இலக்கத் திருத்தச்சட்டம் இதனை மாற்றிற்று. பழைய 20ஆம் பிரிவு நீக்கப்பட்டது. புதிய 19ஆம் பிரிவு, மணவாழ்க்கைக் காலத்தில் 'அவ்வாழ்க்கைத் துணைவர்' பெறுமதி கொடுத்துப் பெற்றதும், அவரது தனிச்சொத்தின் வருவாயுமே அவரின் தேட்டம் என வரையறுத்தது. அப்பெறுமதியும் தனிச்சொத்திலிருந்து வந்ததாக இருத்தலாகாது. புதிய 20ஆம் பிரிவு மரணத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றது: இறந்தவர் விருப்பாவணத்தாலோ வேறு வழியாலோ கையளியாது விட்ட தேட்டத்தில் பாதி, எஞ்சியிருக்கும் துணைவருக்கு. உயிருடன் பிரிந்தவருக்கு ஒரு சொல்லும் இல்லை.

நீதிமன்றங்கள் இம்மௌனத்தை இரு வகையாக வாசித்தன. 1954இல் உயர் நீதிமன்றம், ஒருவர் தேடிய தேட்டத்தில் மற்றவருக்குச் சட்டத்தின் செயலாலேயே பங்கு சேரும் எனக் கொண்டது. 1986இல் பிரதம நீதியரசர் சர்வானந்தா இடம்பெற்ற நிறை அமர்வு அதனை ஏற்கவில்லை. திருத்தத்தின் பின் தேட்டம் தேடியவருக்கே உரியது, மணவாழ்க்கைக் காலத்தில் மற்றவருக்கு அதில் உடைமை இல்லை எனத் தீர்த்தது. சட்டவாசகத்தை நோக்கின் பின்னைய தீர்ப்பே பொருந்துவது என்பதை நாம் மறுக்கவில்லை. குறை நீதியரசரிடம் இல்லை; 1947ஆம் ஆண்டுச் சட்டவாக்கத்திலேயே உள்ளது.

இதன் விளைவு யாது? கணவன் பெயரில் வாங்கிய காணி, மணநீக்கத்தின் பின் கணவனுடையது. மனைவி பங்கு கேட்கும் உரிமையாளராக அன்றி, நீதிமன்றின் தற்றுணிபை நாடும் விண்ணப்பதாரியாகவே நிற்கின்றாள். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின்படி, நீதிமன்று நியாயமெனக் கருதினால் ஒருவரின் சொத்திலிருந்து மற்றவருக்குக் கையளிப்போ மொத்தத் தொகையோ வழங்கக் கட்டளையிடலாம். ஆனால் நமது மணநீக்கச் சட்டம் குற்றத்தை அடியாகக் கொண்டது. குற்றவாளி எனக் காணப்பட்டவள் அவ்வாசலிலும் தயங்கியே நிற்க வேண்டும். நகையை விற்ற பணத்தில் கணவன் பெயருக்குக் காணி எழுதப்பட்டிருப்பின், 1917இன் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் 84ஆம் பிரிவின் கீழ் அவள் வழக்காடலாம். அடைவுச் சீட்டையும் விற்ற சிட்டையையும் எவர் இருபது ஆண்டுகள் பேணி வைத்திருப்பார்?

இருவர் பெயரிலும் உறுதி இருப்பின் சிக்கல் குறைவு. மணநீக்கத்தின் பின் அவர்கள் வெறும் கூட்டுரிமையாளர். பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். ஒருவர் தம் பிரிபடாப் பங்கைப் பிறருக்கு விற்க முனைந்தால், 1947இன் 59ஆம் இலக்கச் சட்டப்படி மற்றவருக்கே முதலில் அறிவித்தல் வேண்டும். அடுத்தடுத்த இலக்கங்களில் வந்த இரு சட்டங்களுள் ஒன்று பங்காளியின் முந்துரிமையைக் காத்தது. மற்றது மனைவியைப் பங்காளியாக இருந்த நிலையிலிருந்து அகற்றிற்று.

மறுதலையான நிலையும் உண்டு. மனைவியின் சீதனக் காணியில் கணவன் கடன்பட்டு வீடு கட்டுவது நம்மூரில் வெகு சாதாரணம். கட்டிடம் நிலத்தைச் சாரும் என்பது பொதுவிதி; வீடு அவளுக்கு, கட்டிய செலவுக்கு ஈடு கேட்கும் உரிமையே அவனுக்கு.

அச்சீதனக் காணியையும் 1911இன் சட்டத்தின் 6ஆம் பிரிவு ஒரு தளையுடனேயே அவளுக்குக் கொடுத்தது. மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் கைவிட்டுச் சென்றிருந்தாலோ நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றின் அனுமதியை நாடலாம். மணநீக்கம் பெற்ற நாளில் இத்தளை அறுகின்றது. தேட்டத்தின் பாதியை இழந்து நீதிமன்றிலிருந்து வெளியேறும் பெண், தாய் தந்தையர் தந்த வளவை முதன்முறையாகத் தன் கையொப்பம் ஒன்றினாலேயே விற்கத்தக்கவளாகின்றாள்.