சோமச் செடியும் சோமாசிமாற நாயனாரும்

கொஞ்சம் நீளமான பதிவுதான். நேரம் கிடைக்கும்போது முழுசா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். அப்போ ஒரு அக்கா கைப்பேசியில ஒரு செய்தியைக் காட்டினாங்க. "தம்பி, வேதத்துல சொன்ன சோமவல்லிப் பொடியாம். ஒரு பாக்கெட் 180 வெள்ளி. இதைச் சாப்பிட்டா இனிப்புநீர் மாத்திரையே வேண்டாமாம். வாங்கலாமா?" என்று கேட்டாங்க. நான் ஐந்தாம் படிவம் வரைக்கும் படிச்ச ஆளு, தொழிற்சாலையில சூப்பர்வைசர் வேலை. பண்டிதன் இல்லை. ஆனா இந்தச் சோமத்தைப் பத்தி ரொம்ப நாளா தேடித் தேடிப் படிச்சிருக்கேன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

ரிக் வேதத்துல ஒன்பதாம் மண்டலம் முழுக்க, 114 பாடல்கள், சோமத்துக்கே உரியவை. மலையில விளையும் செடி அது. தண்டைக் கல்லால நசுக்கி, சாறு எடுத்து, ஆட்டு ரோமத்தால வடிகட்டி, பால் கலந்து தேவர்களுக்குப் படைப்பாங்க. மிச்சத்தை யாகம் செய்தவங்க அருந்துவாங்க. ஈரான் நாட்டுப் பழைய மதத்துலயும் இதே மாதிரி ஒரு செடி உண்டு, பேரு ஹவோமா. அப்படின்னா இந்த வழக்கம் எவ்வளவு பழசுன்னு பாருங்க.

சுஸ்ருதர் எழுதிய மருத்துவ நூல்ல சோமத்துல 24 வகை சொல்லியிருக்கு. வளர்பிறையில தினம் ஒரு இலையா 15 இலை வருமாம், தேய்பிறையில ஒவ்வொண்ணா உதிருமாம். சந்திரனுக்கும் சோமன்னு பேரு இருக்கு இல்லையா, அதான் பொருத்தம். ஆனா அப்படிப்பட்ட செடியை இன்னிக்கு வரைக்கும் யாரும் கொண்டுவந்து காட்டினதில்லை.

1968-ல வாசன் என்ற அமெரிக்கர், சோமம் என்பது ஒரு வகைக் காளான்னு புத்தகமே எழுதினார். வேறு சிலர் எபெட்ரா என்ற செடின்னு சொல்றாங்க. அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரலை.

முக்கியமான விஷயம் இனிமேதான் வருது. சோமம் கிடைக்கலைன்னா என்ன செய்யணும்னு அந்தக் காலத்து பிராமண நூல்களே மாற்றுச் செடிகளைச் சொல்லி வச்சிருக்கு. அதாவது அசல் செடி கிடைப்பது அப்பவே அரிதாகிப் போச்சு. தெற்கே நம்ம பக்கம் சோமலதை என்று எடுப்பது கொடிக்கள்ளி. இலையே இருக்காது, ஒடிச்சா பால் வரும். கேரளாவுல சோமயாகத்துக்குக் கொல்லங்கோடு அரச குடும்பம் கொடி கொடுப்பது வழக்கம். 1975-ல பாஞ்ஞாள் கிராமத்துல நம்பூதிரிகள் 12 நாள் பெரிய யாகம் செய்தாங்க. வெளிநாட்டு அறிஞர்கள் வந்து படமே எடுத்தாங்க. நம்ம கோயில் கும்பாபிஷேக யாகசாலை வேற, அது ஆகம முறை. அதுல அரசு, அத்தி, பலாசு சமித்து உண்டு, சோமம் கிடையாது.

இதுல இன்னொரு குழப்பமும் இருக்கு. சீந்தில் கொடிக்கும் அமிர்தவல்லி, சோமவல்லி என்ற பேர்கள் உண்டு. ஆக, பாக்கெட் மேல "சோமவல்லி"ன்னு போட்டிருந்தா உள்ளே இருப்பது சீந்திலா, கள்ளியா, வேற ஏதாவதான்னு நமக்கு எப்படித் தெரியும்? எபெட்ராவா இருந்தா இருதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏத்திவிடும். வயசானவங்க உடம்பு தாங்குமா?

சரி, தமிழ் மண்ணுக்கு வருவோம். சோமயாகம் செய்தவருக்கு சோமயாஜி என்று பட்டம். அதுதான் தமிழ்ல சோமாசி ஆச்சு. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு நமக்குத் தெரியும். 921-ஆம் வருஷக் கல்வெட்டுல பராந்தக சோழன் அனுப்பிய அதிகாரி பேரே சோமாசிப் பெருமான் என்றுதான் முடியுது.

நம்ம 63 நாயன்மார்ல ஒருத்தர் சோமாசிமாற நாயனார். ஊர் அம்பர், திருவாரூர் பக்கம். சேக்கிழார் அவரைப் பத்திச் சில பாட்டுலயே சொல்லி முடிச்சிடுறார். சிவனடியார் எந்தக் குலமா இருந்தாலும் வணங்கினார், யாகங்கள் செய்தார், சுந்தரர் திருவடியைப் பற்றினார்.

ஊர்க்கதை இன்னும் அழகு. தியாகராஜப் பெருமானே தன் யாகத்துக்கு நேர்ல வரணும்னு அவருக்கு ஆசை. அதுக்குச் சுந்தரர் சொன்னாத்தான் நடக்கும். சுந்தரருக்கோ இருமல். இவர் தினமும் தூதுவளைக் கீரை பறிச்சுக் கொண்டுபோய்க் கொடுத்து அவர் அன்பைப் பெற்றார். பெருமானும் வர ஒத்துக்கிட்டார். எப்படி வந்தார் தெரியுமா? செத்த கன்றைத் தோள்ல போட்டு, நாலு வேதத்தையும் நாயாக்கிக் கையில பிடிச்சு, அம்பாள் தலையில கள்ளுக்குடத்தோட, பிள்ளைங்க ரெண்டு பேரோட, அன்னிக்கு ஊர் ஒதுக்கி வச்ச குலத்து ஆளா வந்தார். யாகம் கெட்டுப்போச்சுன்னு மத்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க. நாயனார் மட்டும் ஓடலை. பயத்தைப் போக்கி, வந்தது யாருன்னு காட்டினவர் பிள்ளையார். அம்பர் மாகாளத்துல இன்னிக்கும் அவருக்கு அச்சம் தீர்த்த விநாயகர்னு பேரு. வைகாசி ஆயில்யம் நாயனார் குருபூஜை.

யோசிச்சுப் பாருங்க. சோமயாகம் செய்தவரை இறைவன்கிட்டச் சேர்த்தது கண்ணுக்குத் தெரியாத சோமம் இல்லை. வேலி ஓரத்துல முள்ளோட கிடக்கிற தூதுவளையும், வாசல்ல வந்தவரை ஒதுக்காத மனசும்தான். தோட்டத்துல எங்க தாத்தா காலத்துல நாமளும் வாசலுக்கு வெளியே நின்னவங்கதானே. அதனால நம்ம கோயில்ல யார் எந்தக் கோலத்துல வந்தாலும் முதல்ல இலை போடுவோம்.

அந்த அக்காகிட்ட, "பொடி வேண்டாம்கா, மாத்திரையை நிறுத்தாதீங்க, கீரை சாப்பிடுறதா இருந்தாக்கூட கிளினிக்ல கேட்டுட்டுச் சாப்பிடுங்க"ன்னு சொன்னேன். 180 வெள்ளி மிச்சம். அதுல ஒரு மூட்டை அரிசி அன்னதானத்துக்கு வாங்கித் தர்றேன்னாங்க. நல்ல மனசு.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் இந்த மாதிரி செய்தி வந்திருந்தா பக்கத்துல உட்கார்ந்து பேசுங்க. தப்பு இருந்தா திருத்துங்க, கத்துக்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.