வட்டையும் சட்டமும்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வருகிற வவுணதீவு படுவான்கரையின் வாசல். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் இந்தப் பக்கத்து வட்டைகளில் எழுவான்கரை முஸ்லிம்களுக்கும் காணிகள் இருந்தன. "ஆத்துக்கு அங்கால வெள்ளாமைக்குப் போனா, சூடு மிதிச்சித்தான் திரும்புவம்" என்பார் என் மூத்தவாப்பா.

காணிக்காரர் போடியார், வயலில் நின்று பாடுபட்டவர் முல்லைக்காரர். போடியாரில் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். முஸ்லிம் போடியாரின் வயலில் தமிழ் முல்லைக்காரர் வேலை செய்வது சாதாரணம். அந்த உறவில் அன்பும் இருந்தது, கடன்சுமையும் இருந்தது. நம்மவர் என்பதற்காக இரண்டாவதை நாம் மறைக்கக்கூடாது.

இந்த உறவைச் சீர்செய்ய வந்ததுதான் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம். விவசாய அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்தது. குத்தகை விளைச்சலில் கால் பங்கைத் தாண்டக்கூடாது, குத்தகைக்காரரை நினைத்தபடி எழுப்பக்கூடாது, பழைய விதானை முறைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் என்றெல்லாம் அது சொன்னது. ஆனால், நாட்டின் பல பாகங்களில் அரைப் பங்கு நின்றபாடில்லை. சட்டம் கந்தோரில் இருந்தது; பங்கு களவெட்டியில் பிரிந்தது. வட்டை விதானை என்ற பெயரும் நம் பக்கத்தில் இன்றுவரை போகவில்லை.

1972இல் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் கொழும்பில் உருவானது. 1980களின் தொடக்கத்தில் அந்நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கல்லோயா இடதுகரையில் இளைஞர்களை ஊர்களிலேயே தங்கவைத்து, விவசாயிகளை அமைப்பாக்கின. வாய்க்கால்கள் துப்புரவாயின, கடைக்கோடி வயலுக்கும் தண்ணீர் போனது. விவசாயியின் வாயைக் கேட்ட ஆராய்ச்சி அது.

வவுணதீவுப் பக்கத்துக்கு வந்தது யுத்தம். 1990க்குப் பிறகு முஸ்லிம்கள் பலருக்குக் கரை கடப்பதே முடியாமற் போயிற்று. படுவான்கரைத் தமிழரும் ஷெல்லடியிலும் இடப்பெயர்விலும் நொந்தார்கள். 2007இல் பாதை திறந்தபோது, சிலரிடம் உறுதி இருந்தது, எல்லை இல்லை. சிலருக்கு எல்லை தெரிந்தது, உறுதி இல்லை.

பத்து வருடம் தொடர்ந்து ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது நம் நாட்டு ஆட்சியுரிமைச் சட்டம். இடம்பெயர்ந்தோருக்காக அதற்கு விலக்குத் தந்தது 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். ஆனால், அந்தக் கதவு திறந்திருந்தது இரண்டு வருடம் மட்டுமே. எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

தென்னாபிரிக்காவைப் பாருங்கள். 1913ஆம் ஆண்டின் சட்டம் கறுப்பின மக்களின் நில உரிமையைச் சுருக்கியது. 1994இல் வந்த நில மீட்புச் சட்டமோ முதியவர்களின் வாய்மொழியையும் வரலாற்றுச் சான்றையும் நீதிமன்றம் ஏற்க வழி செய்தது. தாத்தாமார் சொன்ன எல்லைக் கதைகளும் அங்கே சாட்சியாயின.

நம் முதியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். எந்த வட்டை, எந்த வாய்க்கால், வரம்புக்கு அங்கால் யார், முல்லைக்காரர் யார் என்பதெல்லாம் அவர்களோடு கபுறுக்குப் போகிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து அவற்றை எழுதிவைக்கலாம். போடியாரின் கதையை மட்டுமல்ல, முல்லைக்காரரின் கதையையும் கேட்டு எழுதவேண்டும். இரண்டு கரையும் சேர்ந்தால்தான் அது வாவி.