ஒரு பைக்குக் கையில எவ்ளோ நிக்கும்?

கருணாபுரத்தில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். நீளமான கொக்கி ஊசி ஒன்றில் நாற்பது, ஐம்பது கண்ணிகளை வரிசையாக ஏற்றிக்கொண்டு யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் பை பின்னுகிறார். கீழே இவளுடைய குரல்: "அண்ணா, இதுக்குப் பேரு துனிசியன் குரோஷாவாம். நூலு, ஊசி, பாதி பின்னுனது எல்லாம் போட்டு வெச்சிக்கிற பை. எனக்குக் கை வந்துடுச்சு. தெருவுல இன்னும் நாலு பேரு கத்துக்கிறேன்னு சொல்றாங்க. ஒரு பைக்குக் கையில எவ்ளோ நிக்கும்?"

கள்ளக்குறிச்சி கருணாபுரம் என்றால் இப்போது யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பலர் அந்தப் பகுதிக்காரர்கள். சம்பாதித்த கை போய்விட்ட வீடுகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அதனால் அவள் கேட்டதைப் பொழுதுபோக்குக் கேள்வி என்று தள்ள முடியவில்லை. கணக்குப் போட உட்கார்ந்தேன். வழக்கம்போல வரலாற்றில் போய் விழுந்தேன்.

பெயரில் மட்டும் துனிசியா

முதலில் பெயர். இந்தப் பின்னல் துனிசியாவில் பிறந்தது என்பதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு ஐரோப்பியப் பெண்கள் பத்திரிகைகளிலும் கைவேலைப் புத்தகங்களிலும் இது பரவுகிறது. ஸ்காட்லாந்துப் பின்னல், விக்டோரியப் பின்னல், ஆப்கன் பின்னல், ரயில்வே பின்னல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் 1858இல் பிரஷ்ய இளவரசர் ஃபிரெடெரிக் வில்லியமைக் கல்யாணம் செய்துகொண்டபோது, அந்த இளவரசியின் பெயரையும் இதற்கு வைத்துவிட்டார்கள். தெரஸ் த தில்மோன் 1886இல் வெளியிட்ட பிரபலமான கைவேலைக் கலைக்களஞ்சியத்தில் இது துனிசியன் குரோஷாவாகவே இடம்பெறுகிறது.

நாடு, ராணி, இளவரசி, ரயில் எல்லாம் பெயரில் உண்டு. பின்னியவள் மட்டும் இல்லை.

ஊசிக்குள் ஒரு ஸ்டாக்

சாதாரணக் குரோஷாவில் ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவோம். துனிசியனில் அப்படி இல்லை. போகும்போது வரிசை முழுவதும் கண்ணிகளை ஊசியில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கடைசியாக ஏறியது முதலில் இறங்கும். என்னைப் போன்ற மென்பொருள் ஆட்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லலாம்: ஸ்டாக். வேலையைத் திருப்பிப் பிடிக்க வேண்டியதே இல்லை, எப்போதும் ஒரே பக்கம்தான் நம்மைப் பார்த்திருக்கும்.

இப்படிச் செய்தால் துணி நெருக்கமாக, கிட்டத்தட்ட தறியில் நெய்தது போல வரும். ஊசி முனை வெளியே குத்திக்கொண்டு வராது, அவ்வளவாக இழுபடாது. பைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓரம் சுருண்டுகொள்வதுதான் தொல்லை. அதற்கு அந்த நூலுக்கு வழக்கமாக எடுப்பதைவிட ஒன்றிரண்டு அளவு பெரிய ஊசி எடுக்க வேண்டும். அவள் 6 மி.மீ. ஊசி எடுத்திருக்கிறாள்.

நாகர்கோவில் ரேந்தை

பின்னி, விற்று, அந்தக் காசில் வாழ்க்கை மாறிய கதை நம்ம ஊரில் உண்டா என்று தேடினால் நாகர்கோவிலில் போய் நிற்க வேண்டும். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819 டிசம்பரில் அங்கே வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்திய மார்த்தா, லேஸ் பின்னலையும் சொல்லிக்கொடுத்தார். தென்கோடியில் அதற்குப் பெயர் ரேந்தை. போர்ச்சுகீசிய 'ரெண்டா' தமிழில் அப்படி ஆகிவிட்டது. அது குரோஷா இல்லை. திண்டு மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது.

அப்போது திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படியே நடப்பில் இருந்தது. ஒழிப்பு அறிவிப்பு வந்தது 1855இல்தான். மேலாடை போடும் உரிமைக்கே பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில், அடிமை வீட்டுப் பிள்ளைகள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன.

இதைப் படித்த அன்றைக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. ஒரு முழம் ரேந்தை எவ்வளவு, ஒரு மனுஷி எவ்வளவு என்று இரண்டு விலையும் தெரிந்த ஒரு சிறுமி திண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லைத் திருமணம் செய்து, இடையன்குடிக்கும் இந்த வேலையைக் கொண்டுபோனார். 'ஒப்பிலக்கணம்' எழுதிய கால்டுவெல்லை எல்லோருக்கும் தெரியும். எலைசாவைக் கொஞ்சம் பேருக்குத் தெரியும். விடுதலை வாங்கிய பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டால் நம்மில் யார் சொல்வோம்?

அதே வேலை, வேறு கதை

இத்தோடு நிறுத்தினால் கதை சுபம். ஆனால் ஆந்திராவில் நர்சாபூர் இருக்கிறது. அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகத்தான் லேஸ் வேலை வந்தது. இது சுத்தமான குரோஷா. பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது, 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அந்தப் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது இதுதான்: ஒருத்தி பூவை மட்டும் பின்னுகிறாள், இன்னொருத்தி இணைக்கிறாள், முழுப் பொருள் எங்கே என்ன விலைக்குப் போகிறது என்பது வியாபாரிக்குத்தான் தெரியும். நாள் முழுக்கப் பின்னினாலும் அவள் 'வீட்டில் சும்மா இருக்கிற பொம்பளை', லேஸ் அவள் ஓய்வு நேர வேலை. ஓய்வு நேரத்துக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?

நாகர்கோவில் பிள்ளைக்குத் தான் எதை நோக்கிச் சேர்க்கிறோம் என்று தெரிந்திருந்தது. நர்சாபூரில் அந்தக் கணக்கு அவள் கையில் இல்லை. கைவேலை தன்னால் யாரையும் விடுவிப்பதில்லை. கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இனி கணக்கு

ஒரு பக்கத்துக்கு 45 கண்ணி, 40 வரிசை. இரண்டு பக்கம் சேர்த்து 3600 கண்ணி. ஏற்றி இறக்க ஒன்றுக்கு 8 நொடி என்றால் 8 மணி நேரம். உள்துணி, ஜிப், கைப்பிடிக்கு இன்னொரு 2 மணி. ஆக 10 மணி நேரம். நூல், துணி, ஜிப் எல்லாம் அவள் வாங்கிய விலையில் 220 ரூபாய்.

ஒரு கடைக்காரர் பைக்கு 600 தருவதாகச் சொன்னாராம். கையில் நிற்பது 380. மணிக்கு 38 ரூபாய், 8 மணி நேர நாளுக்கு 304. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலியே 319 ரூபாய்! இத்தனை நுணுக்கமான வேலை, மண் வெட்டும் கூலிக்குக் கீழே நிற்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. பின்னலாடைக்கு மிஷின் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. குரோஷாவை ஆலையில் போட்டுத் தள்ளும் மிஷின் மட்டும் இன்னும் வரவில்லை. கடையில் நிஜக் குரோஷாப் பை ஒன்று சல்லிசாகத் தொங்கினால், அதற்குப் பின்னால் எங்கோ ஒருத்தியின் மணி நேரங்கள் கணக்கில் ஏறவில்லை என்று அர்த்தம்.

போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப வேண்டாங்கிறியா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நோட்டு போடச் சொன்னேன். ஒவ்வொரு பைக்கும் எத்தனை மணி நேரம், யார் பின்னியது, எவ்வளவுக்குப் போனது என்று எழுத வேண்டும். ஐந்து பேரும் அதைப் பார்க்க வேண்டும். மணிக்கு 60 ரூபாய்க்குக் குறைந்தால் கொடுக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் ஒரு பை 820 ரூபாய்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள்: "எட்டு நூத்தி இருபதுக்கு எவன் வாங்குவான்?"

அதற்கு வரலாற்றில் பதில் இல்லை. முதல் பையை நான் வாங்கிக்கொண்டேன். நோட்டின் முதல் வரியில் அவள் பெயர் இருக்கிறது.