கட்டை விரலும் ஒரு எண்ணெய் பம்ப்பும்

மக்களே, முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். காலேஜ் ரெண்டாவது வருஷ லீவுல மாமாவோட பழைய ஜீப்புல கொல்லிமலைப் பக்கம் ஒரு மண் ரோட்டுல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். பவர் ஸ்டீயரிங் எல்லாம் கிடையாது. ஏறி உட்கார்ந்ததுமே மாமா சொன்ன முதல் பாடம் கிளட்ச் இல்ல, பிரேக் இல்ல. "மாப்ள, கட்டை விரலை ஸ்டீயரிங்குக்கு உள்ள விடாத. வெளியவே வெச்சுக்க."

நான் கேக்கல. பத்தாவது நிமிஷம் முன் சக்கரம் ஒரு கல்லுல மோதிச்சு. ஸ்டீயரிங் சடார்னு திரும்ப, அதோட கம்பி கட்டை விரல்ல விட்ட அறை இருக்கே... ரெண்டு வாரம் சட்டை பட்டன் போட அம்மா உதவி தேவைப்பட்டுச்சு (அவ்வ்வ்).

யூட்யூப்ல பாஹா 1000 பந்தய வீடியோக்கள் பாக்கறப்போ எல்லாம் அந்த விரல் ஞாபகம்தான். மெக்சிகோவோட பாஹா கலிபோர்னியா பாலைவனத்துல, நம்ம இடுப்பு உசர டயரோட ட்ரக்குங்க பாறை மேல பறக்குது. ஓட்டறவர் கை ஏன் ஒடியல? பதில் தேடிப் போனா அது 1920களுக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு.

பிரான்சிஸ் டேவிஸ்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர். ஹார்வர்டில் படித்தவர், பியர்ஸ்-ஏரோ கம்பெனியின் ட்ரக் பிரிவுல தலைமை இன்ஜினியர். கனமான ட்ரக்கைத் திருப்ப டிரைவர்கள் படற பாடு அவருக்கு நல்லாத் தெரியும். 1922ல வேலையை விட்டுட்டு, மாசாசூசெட்ஸ் மாநிலத்துல வால்தம்ங்கற ஊர்ல ஒரு சின்ன பட்டறையை வாடகைக்குப் பிடிச்சார். ஜார்ஜ் ஜெஸ்ஸப்னு கருவி செய்யற கைதேர்ந்த ஒருத்தர் கூட சேர்ந்துக்கிட்டார்.

அன்னைக்கு இருந்த ஹைட்ராலிக் முறையில எண்ணெயை எப்பவும் உயர் அழுத்தத்துலயே அடைச்சு வைப்பாங்க. தேவைப்படும்போது வால்வைத் திறக்கணும். எந்நேரமும் அழுத்தம்னா எந்நேரமும் கசிவு. டேவிஸ் அதை அப்படியே தலைகீழாத் திருப்பினார். எண்ணெய் சும்மா சுத்தி ஓடிட்டே இருக்கட்டும், அழுத்தமே வேணாம். டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினா மட்டும் வால்வு வழியை அடைக்கும், உடனே அழுத்தம் ஏறும். தோட்டத்துல ஓஸ் முனையைக் கட்டை விரலால அழுத்தினா தண்ணி சீறுமே, அதே கதைதான். (மறுபடியும் கட்டை விரல்!) இன்னைக்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்ல பெரும்பாலும் இந்த அடிப்படைதான். இன்னொரு லாபம்: கல்லுல மோதற அடியை நடுவுல நிக்கற எண்ணெய் வாங்கிக்கும். விரல் தப்பிக்கும்.

1926ல தன்னோட பியர்ஸ்-ஏரோ கார்லயே இதைப் பொருத்தி, டெட்ராய்ட்டுக்குக் கொண்டு போய்க் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டுச்சு. காடிலாக் கார்ல வரப்போகுதுன்னு வருஷக்கணக்குல வேலை நடந்துச்சு. அப்புறம் உலகப் பொருளாதார மந்தம். இவ்வளவு செலவு பண்ணினா போட்ட காசு திரும்பாதுன்னு 1934ல திட்டத்தையே மூடிட்டாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. எட்டு மாசம் உட்கார்ந்து எழுதின ஒரு மாட்யூலை, ரிலீசுக்கு ரெண்டு வாரம் முன்னாடி "இப்போதைக்கு வேணாம்"னு ஒரு மெயில்ல முடிச்சாங்க. கோடுல தப்பில்ல, பட்ஜெட்ல இடமில்ல. எனக்கு எட்டு மாசம், அந்த மனுஷனுக்கு எட்டு வருஷம்.

டேவிஸ் 1936ல பெண்டிக்ஸ் கம்பெனிக்குப் போனார். அங்கயும் கார் விற்பனைக்கு வரல. வழி திறந்தது இரண்டாம் உலகப் போர்தான். இரும்புக் கவசம் போட்ட ராணுவ வண்டியை வெறும் கையால திருப்ப முடியுமா? ஆயிரக்கணக்குல வாங்கினாங்க. ஆனா போர் முடிஞ்சு சாதாரண ஜனங்க கார்ல இதை 1951ல முதல்ல வித்தது கிரைஸ்லர், இம்பீரியல் கார்ல. அதுக்குள்ள டேவிஸோட முக்கியமான காப்புரிமைகள் காலாவதி! கிரைஸ்லரை நான் திட்ட மாட்டேன், காலாவதி ஆனதை யார் வேணா எடுக்கலாம், சட்டம் அதுதான். மூடி வெச்சுட்டு, போட்டிக்காரன் வித்ததும் பதறி டேவிஸைத் தேடின ஜெனரல் மோட்டார்ஸ் மேலதான் கோவம். 1952ல காடிலாக்ல அவங்களும் கொண்டு வந்தாங்க. பட்டறை வாடகைக்குப் பிடிச்சு சரியா முப்பது வருஷம்.

சரி, பாலைவனத்துக்கு வருவோம். 1967ல நடந்த முதல் பாஹா பந்தயத்துல ஜெயிச்சது பவர் ஸ்டீயரிங்கே தேவைப்படாத வண்டி. மேயர்ஸ் மேங்ஸ்னு, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அடித்தளத்துல கட்டின குட்டி பக்கி. இன்ஜின் பின்னாடி இருக்கறதால முன் சக்கரத்துல பாரமே இல்ல. விக் வில்சனும் டெட் மேங்கல்ஸும் சுமார் 1,350 கிலோமீட்டரை 27 மணி 38 நிமிஷத்துல முடிச்சாங்க. ஆனா வேகம் ஏற ஏற வண்டியும் பெருத்துச்சு. 1994ல 'ட்ராபி ட்ரக்'னு தனிப் பிரிவே வந்தாச்சு. முன்னாடி கனமான வி8 இன்ஜின், நாப்பது அங்குலத்தை நெருங்கற டயர்.

இங்கதான் பம்ப் மாட்டிக்குது. பம்ப்பைச் சுத்தறது இன்ஜின். காரை நிறுத்தறப்போதான் ஸ்டீயரிங்குக்கு அதிக பலம் வேணும், அப்போ இன்ஜின் 700 சுற்றுல சோம்பிக் கிடக்கும். அந்த 700க்குப் போதுமான அளவு பம்ப்பை வடிவமைச்சா, பந்தயத்துல 7,000 சுற்றுல அது பத்து மடங்கு எண்ணெய் தள்ளும். உபரியை ஒரு வால்வு திருப்பி விடும். அந்த வீண் சக்தி பூரா சூடாகும். சாதாரண கார்ல இது பத்து நிமிஷச் சமாச்சாரம். பாஹாவுல ராத்திரி பகலா ஓடணும். எண்ணெய் கருகும், நுரைக்கும், சீல் போகும்.

அதைவிட மோசம், பம்ப் சுத்தற வேகத்துக்கு உள்ள எண்ணெய் வந்து நிரம்பலைன்னா ஆவிக் குமிழி உண்டாகி, உடைஞ்சு, இரும்பையே அரிச்சுடும். அதனால பந்தய பம்ப்புக்கு புல்லியைப் பெருசாக்கி சுத்தற வேகத்தைக் குறைக்கறாங்க. எண்ணெய்த் தொட்டியைத் தனியா மேல வெச்சு, உறிஞ்சற குழாயைத் தடிமனாக்கறாங்க. கூடவே மின்விசிறி வெச்ச ஆயில் கூலர். நம்ம கார் டயர்ல 30 பி.எஸ்.ஐ. காத்து இருக்கும், சாதாரண ஸ்டீயரிங் பம்ப்ல 1,000லிருந்து 1,500 வரைக்கும் அழுத்தம். பந்தய பம்ப் அதுக்கும் மேல.

அழுத்தம் மட்டும் ஏத்தினா போதும்னுதான் நானும் நெனச்சேன். இல்லையாம். சக்கரத்தைத் தள்ள தனியா ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் சேர்ப்பாங்க. சிலிண்டர் பெருசானா பலம் கூடும், ஆனா அதை நிரப்ப எண்ணெயும் கூட வேணும். மணல்ல வண்டி பின்பக்கம் வழுக்கறப்போ டிரைவர் சட்டுனு எதிர்ப்பக்கம் திருப்புவார். கை வேகத்துக்கு எண்ணெய் வரலைன்னா, திருப்பற பாதியிலயே ஸ்டீயரிங் கல்லு மாதிரி இறுகிடும். பள்ளத்தாக்கு ஓரத்துல அந்த அரை செகண்டு என்னவாகும்னு நான் சொல்லணுமா? அதனால வால்வுத் துளையைக் கொஞ்சம் பெருசாக்குவாங்க. துளை பெருசானா கைக்கு ரோடே தெரியாத அளவுக்கு ஸ்டீயரிங் லேசாயிடும்னு டிரைவர் புலம்புவார். அதனால ஒவ்வொரு டிரைவரோட கைக்கும் ஏத்த மாதிரி திருப்பித் திருப்பி மாத்திப் பாப்பாங்களாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ மாமாகிட்ட இந்தக் கதை பூராவும் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அதெல்லாம் சரி மாப்ள, விரலை வெளிய வெச்சிருந்தா இவ்வளவு செலவே இல்லையே"ன்னுட்டார் :-)